மேடையும் திரையும்: கிட்டார் கலைஞரின் கூலியும் ஓய்வும்

கலைஞருக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கலைத் திறனாய்வு பெரும்பாலும் கேட்பதில்லை. பண்ணின் அழகு, விரலின் திறம், மரபின் தூய்மை ஆகியவை விரிவாகப் பேசப்படுகின்றன. அவ்விரல்களுக்கு உரியவர் இம்மாத வீட்டு வாடகையைச் செலுத்தினாரா என்பதோ கலைக்குப் புறம்பான செய்தியாக ஒதுக்கப்படுகிறது. ஆனால், ஒரு கலைஞர் எவ்வழியில் பிழைக்கிறாரோ அவ்வழியே, அவர் எதை வாசிக்கிறார், எவ்வளவு நேரம் வாசிக்கிறார், யாருக்காக வாசிக்கிறார் என்பவற்றை உருவாக்குகிறது. ஆகவே கூலியைப் பற்றிய வினா கலையைப் பற்றிய வினாவே ஆகும்.

இன்று இவ்வினா கிட்டார் கலைஞர்களிடையே கூர்மையாக எழுந்துள்ளது. மேடையேறி, மக்கள் முன் அமர்ந்து வாசித்துப் பிழைப்பது ஒரு வழி. தம் அறையில் ஒரு கைப்பேசியின் முன் அமர்ந்து வாசித்து, அதைச் சமூக ஊடகங்களில் வெளியிட்டுப் பிழைப்பது மற்றொரு வழி. இரண்டாம் வாட்டிக்கான் சங்கத்திற்குப் பின் நம் ஆலயங்களுக்குள் கிட்டார் வந்தது. அதனைப் பங்கின் பாடகர் குழுவில் கற்று வளர்ந்த இளைஞர் பலர், இக்கருவியைக் கொண்டே வாழ இயலுமா என்று இன்று கேட்கின்றனர். பெரியோர் பலர் "திரையில் வாசிப்பது வெறும் காட்சி, மேடையே கலை" என்கின்றனர். இளையோரோ "மேடையில் சோறு இல்லை" என்கின்றனர். இரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. எனினும், இரண்டுமே கலையையும் காசையும் பார்க்கின்றனவே தவிர, கலைஞர் என்னும் மனிதரைப் பார்க்கவில்லை. அவரை நடுவில் நிறுத்தி இவ்விரு வழிகளையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வினா, புதிய ஆடை

கிட்டார் கலைஞர்கள் முற்காலத்தில் மேடையால் மட்டுமே வாழ்ந்தனர் என்பது ஓர் இனிய கற்பனை. வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது.

ஸ்பெயின் நாட்டின் பெர்னாந்தோ சோர் 1778இல் பார்சலோனாவில் பிறந்தவர். மொன்செராத் துறவு மடத்தின் பாடகர் பள்ளியில் இசை கற்றவர். அரசியல் சூழலால் 1813இல் தாய்நாட்டை விட்டு வெளியேறிய அவர், பாரிஸ், இலண்டன், மாஸ்கோ எனப் பல நகரங்களில் வாழ்ந்து, இறுதியில் பாரிசிலேயே 1839இல் காலமானார். அவர் மேடைகளில் வாசித்தார் என்பது உண்மை. ஆயினும் அவரது பிற்கால வாழ்வைத் தாங்கியவற்றுள் முதன்மையானவை இரண்டு: மாணவர்களுக்குக் கற்பித்தல், அச்சிட்ட இசைத்தாள்களை விற்றல். 1830இல் அவர் வெளியிட்ட கிட்டார் பயிற்சி நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. வியன்னாவில் புகழ்பெற்று விளங்கிய இத்தாலியர் மவுரோ ஜூலியானியும் அவ்வாறே பொழுதுபோக்காக வாசிப்போருக்கென ஏராளமான இசைத்தாள்களை எழுதி வெளியிட்டார்.

இங்கே ஒரு சிறு செய்தி நம் கவனத்திற்கு உரியது. வாங்குவோர் எளிய சிறு துண்டுகளையே விரும்பினர். அதனால் சலிப்புற்ற சோர், தம் 43ஆம் படைப்புத் தொகுதிக்கு 'என் சலிப்புகள்' என்ற பொருள்படவும், 45ஆம் தொகுதிக்கு 'இதுதானா என்று பார்ப்போம்' என்ற பொருள்படவும் தலைப்பிட்டார். அத்தலைப்புகளில் ஒளிந்திருக்கும் கசப்பான நகைச்சுவையை எவரும் உணரலாம். முகம் தெரியாத வாங்குவோரின் சுவைக்கு ஏற்பத் தம் கலையைக் குறுக்கிக்கொள்ள நேர்ந்த ஒருவரின் முணுமுணுப்பு அது. இன்று நாற்பது நொடிக் காணொளிக்காகத் தம் இசையை வெட்டிச் சுருக்கும் இளைஞருக்கு, ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தோழர் இருந்திருக்கிறார்.

மேடை என்பதற்கு இலக்கணமாக நாம் எண்ணும் மனிதர் ஆந்த்ரேஸ் செகோவியா. 1893இல் பிறந்து, 94ஆம் வயதில் 1987இல் மறைந்த அவர், அவ்விறுதி ஆண்டிலும் மேடையேறினார். அவருக்கு முன், பிரான்சிஸ்கோ தாரேகா போன்றோரின் கிட்டார் பெரும்பாலும் சிறு கூடங்களிலும் நண்பர் வட்டங்களிலும் ஒலித்தது. செகோவியா அதனைப் பெரும் அரங்குகளுக்குக் கொண்டுசென்றார். அதுவும் ஒலிபெருக்கியின் துணையின்றி. மெல்லிய அவ்வொலியைக் கேட்க வேண்டுமாயின் ஆயிரம் பேர் ஒன்றாக மூச்சடக்கி அமைதி காக்க வேண்டும். அரங்கின் அமைதியையே இசையின் பாதியாக்கியவர் அவர். ஆனால் செகோவியாக்கள் ஒரு தலைமுறைக்கு எத்தனை பேர்? பெரிய அரங்குகள் சிலருக்கே திறந்தன. எஞ்சியோர் திருமண வீடுகளிலும் உணவகங்களிலும் பிறரது பாடலுக்குப் பின்னணியாகவும் வாசித்தனர். மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். நம் நாட்டில் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தோரின் கதையும் இதுவே. பின்னர் கரோக்கி இசைத்தட்டுகள் வந்தபோது அவர்களுள் பலரின் இருக்கையும் பறிபோயிற்று.

திரை திறந்த கதவு

இச்சூழலில் திரை செய்த நன்மையை மறைப்பது நேர்மை ஆகாது.

தைவானைச் சேர்ந்த ஜெர்ரி சாங் என்பவர், 17ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய இசைஞர் பாகெல்பெல் இயற்றிய புகழ்பெற்ற 'கேனன்' இசையை மின் கிட்டாருக்கு ஏற்ப அமைத்தார். அதனைக் கொரிய இளைஞர் லிம் ஜியோங்-ஹியுன் தம் அறையில் வாசித்துப் பதிவு செய்தார். தொப்பியின் நிழலில் முகம் மறைந்திருந்த அக்காணொளியை, 2005ஆம் ஆண்டின் இறுதியில் வேறொருவர் யூடியூபில் ஏற்றினார். இலட்சக்கணக்கானோர் பார்த்தனர், வாசித்தவர் யார் என்பது எவருக்கும் தெரியவில்லை. 2006 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு தேடிக் கண்டுபிடித்து எழுதிய பின்னரே உலகம் அவர் பெயரை அறிந்தது. பணமும் பெயரும் கருதாது, ஒரு மாணவர் தம் பயிற்சியைப் பிறருக்குக் காட்டிய எளிமை அதில் இருந்தது. திரை இசையின் தொடக்கம் இத்தகைய கொடையாகவே இருந்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் டொபீகா என்னும் ஊர். அங்கே கிட்டார் கற்பித்து வாழ்ந்தவர் ஆண்டி மெக்கீ. 2006ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய இசைப்பதிவு நிறுவனம் அவர் வாசிக்கும் காணொளிகளை யூடியூபில் வெளியிட்டது. கருவியின் உடலைத் தட்டியும், தந்திகளை மேலிருந்து அழுத்தியும் அவர் எழுப்பிய ஒலி உலகெங்கும் பரவியது. அதன் பயனாக அவர் பல நாடுகளின் மேடைகளுக்கு அழைக்கப்பட்டார். 2012இல் புகழ்பெற்ற பாடகர் பிரின்சின் ஆஸ்திரேலியப் பயணத்தில் உடன் வாசித்தார். இவர் வாழ்வில் திரை மேடைக்குப் பகையாகவில்லை. மேடைக்கு வழிகாட்டும் கைகாட்டி ஆயிற்று.

மூன்றாவது சான்று, இலண்டனில் வாழ்ந்த ஆஸ்திரேலியர் ஜஸ்டின் சாண்டர்கோ. 2003 முதல் இணையத்தில் இலவசமாகக் கிட்டார் பாடங்களை வழங்கியவர். விருப்பம் உடையோர் தரும் நன்கொடையும், பாடநூல் விற்பனையும் அவருக்கு வாழ்வளித்தன. ஆசிரியரை அமர்த்தப் பொருள் இல்லாத எத்தனையோ பேர் அவர் வழியாகக் கற்றனர். சோர் அச்சுத்தாளில் செய்ததை இவர் திரையில் செய்தார் எனலாம்.

நோயுற்றோர், பயணம் செய்ய இயலாதோர், நகரங்களிலிருந்து தொலைவில் வாழ்வோர், வீட்டை விட்டு வெளியேற இசைவு கிடைக்காத பெண்கள் ஆகியோருக்கும் திரை ஒரு கதவைத் திறந்துள்ளது. கதவு திறந்தவரைக் குறை கூறுமுன், அக்கதவு இதுகாறும் யாரால் அடைக்கப்பட்டிருந்தது என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேடையின் கணக்கேடு

மேடையில் சோறு இல்லை என்னும் இளையோரின் கூற்றுக்கு ஓர் எழுத்துச் சான்று உண்டு. ஜாக் கான்டே, நட்டாலி டான் என்னும் இருவர் இணைந்த அமெரிக்க இசைக்குழு பாம்பிளமூஸ். அவர்கள் கிட்டாரை மட்டும் வாசிப்பவர்கள் அல்லர். பல கருவிகளைக் கையாள்பவர்கள். ஆயினும் அவர்களது கணக்கு பயணம் செய்து வாசிக்கும் எல்லாருக்கும் பாடமாகும். 2014இல் அவர்கள் 28 நாள்களில் 23 நகரங்களில் 24 நிகழ்ச்சிகள் நடத்தினர். நுழைவுச் சீட்டு விற்பனையில் 97,519 டாலர் கிடைத்தது. சட்டை, இசைத்தட்டு போன்றவற்றின் விற்பனையில் 29,714 டாலர். ஒரு நிறுவனத்தின் நல்கை 8,750 டாலர். மொத்த வரவு 1,35,983 டாலர். செலவோ 1,47,802 டாலர். கூடங்கள் நிரம்பியிருந்தும், கைதட்டல் குறையாதிருந்தும், முடிவில் 11,819 டாலர் நட்டம்.

இக்கணக்கை கான்டே வெளியிட்டபோது சிலர் ஐயுற்றனர். இரசிகர்கள் இணையம் வழியாகக் கலைஞருக்கு நேரடியாக உதவித்தொகை வழங்கும் பேட்ரியான் நிறுவனத்தை அவர் 2013இலேயே தொடங்கியிருந்தார். எனவே மேடையின் நட்டத்தைக் காட்டித் தம் கடையை விளம்பரம் செய்கிறார் என்றனர். தேவைக்கு மீறிச் செலவிட்டனர் என்றும் கூறினர். இக்குறைகளில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆயினும் அச்செலவில் கணிசமான ஒரு பகுதி, உடன் வாசித்தவர்களுக்கும் ஒலி, ஒளி அமைத்தவர்களுக்கும் உரிய கூலி என்பதை மறத்தல் ஆகாது. மேடை பலருக்குச் சோறு போடுகிறது. நடுவில் நிற்பவருக்கு மட்டுமே சில வேளைகளில் மிஞ்சுவதில்லை. திரை முன் தனித்து அமர்பவருக்குச் செலவு குறைவு. அவருடன் உண்பவரும் குறைவு.

திரையின் கணக்கேடு

அப்படியாயின் திரை தாராளமாகக் கூலி தருகிறதா? அதன் விதிகளையும் படிப்போம். யூடியூபின் விளம்பர வருவாயில் பங்கு பெற வேண்டுமாயின் முதலில் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன் ஓராண்டில் மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது குறுங்காணொளிகள் 90 நாள்களில் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பின்னும் நீண்ட காணொளிகளுக்கு வரும் விளம்பர வருவாயில் கலைஞரின் பங்கு 55 விழுக்காடே. பிறர் இயற்றிய பாடலை வாசித்தால், அந்த வருவாயும் பாடலின் உரிமையாளருக்குச் செல்லக்கூடும். ஸ்பாட்டிஃபை நிறுவனமோ, ஓராண்டில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பதிவுக்குப் பங்குத்தொகை இல்லை என்று 2024 முதல் விதி செய்துள்ளது. ஆகவே இங்கும் சிலரே உண்கின்றனர். பலர் வாயிலில் காத்திருக்கின்றனர்.

பணத்தினும் பெரிய விலை ஒன்று உண்டு. பிரேசில் நாட்டு மாத்தேயுஸ் அசாட்டோ, இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட குறுங்காணொளிகளால் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பின்தொடர்வோரைப் பெற்றவர். நயமும் கனிவும் மிக்க வாசிப்பு அவருடையது. அத்தகையவர் 2021இன் தொடக்கத்தில் தம் கணக்கை முடக்கிவிட்டு விலகினார். இசை குறுந்துண்டுகளாகச் சுருங்கிப்போனதும், அதைத் தொடர்ந்து வழங்க வேண்டிய நெருக்கடியும் தம்மைச் சோர்வடையச் செய்தன என்பதே அவர் கூறியதன் சாரம். பிற்பாடு அவர் திரும்பி வந்தார். ஆயினும் அந்த விலகல் ஒரு முக்கியமான சான்று. தோல்வியுற்றவர் விலகினால் அது பொறாமை எனலாம்; வென்றவரே விலகினார் என்றால், அவ்வெற்றியின் அமைப்பிலேயே ஏதோ பிழை உள்ளது.

அப்பிழை யாது? மேடைக்கு முடிவு உண்டு. இறுதிப் பண் ஒலித்து அடங்கும், விளக்குகள் ஏற்றப்படும், மக்கள் எழுந்து செல்வர், கலைஞர் கருவியைப் பெட்டியில் வைத்து மூடுவார். அன்றைய உழைப்பு நிறைவுற்றது. வாசிப்பில் நேர்ந்த சிறு தவறும் அந்த நேரத்தோடு கரைந்துவிடும், கேட்டவர்கள் மன்னித்துவிட்டனர். திரைக்கு முடிவு இல்லை. நேற்றைய காணொளியை எத்தனை பேர் பார்த்தனர் என்ற எண்ணிக்கை நள்ளிரவிலும் மாறிக்கொண்டே இருக்கிறது. எதை யாருக்குக் காட்டுவது என்று கணிக்கும் பொறியின் மனத்தை எவரும் அறியார்; சில நாள் ஓய்ந்திருந்தால் அது தம்மை மறந்துவிடுமோ என்ற அச்சம் மட்டும் எல்லாருக்கும் உண்டு. நாற்பது முறை வாசித்துத் தேர்ந்தெடுத்த ஒரு பதிவே வெளியே செல்வதால், கலைஞர் தம்முடைய குறையற்ற நிழலோடு நாள்தோறும் போட்டியிடுகிறார். தவறு செய்ய இடமில்லாத தொழிலில் மன்னிப்புக்கும் இடமில்லை.

ஓய்வு என்னும் அளவுகோல்

இவ்விடத்தில் நம் நம்பிக்கை மரபு ஓர் அளவுகோலைத் தருகிறது. 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பை அது தரும் பொருளைக் கொண்டு மட்டும் அளத்தல் ஆகாது என்றும், உழைப்பவர் ஓர் ஆள் என்பதே அதன் முதல் மதிப்பு என்றும் கற்பித்தார். மனிதருக்காகவே உழைப்பு, உழைப்புக்காக மனிதர் அல்லர். 1998இல் ஆண்டவரின் நாளைப் பற்றி அவர் எழுதிய மடலும் இதன் தொடர்ச்சியே. படைத்த கடவுளே ஏழாம் நாளில் ஓய்ந்தார் என்ற விவிலிய நம்பிக்கையின் பொருள், வேலைக்கு எல்லை உண்டு என்பதாகும். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளுக்கு ஓய்வு நாள் இல்லை; விடுதலை பெற்ற மக்களுக்கே அது கொடுக்கப்பட்டது. ஆகவே, ஒரு பிழைப்பு நல்லதா என்று அறிய விரும்புவோர், அது எவ்வளவு தருகிறது என்பதோடு, அது நிறுத்த அனுமதிக்கிறதா என்றும் கேட்க வேண்டும். நிறுத்த இயலாத வேலை, எவ்வளவு கூலி தந்தாலும், எகிப்தின் வேலையே.

உடனிருப்பு என்னும் மற்றோர் அளவுகோலும் உண்டு. இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று 2002இல் திருத்தூதுப் பீடத்தின் சமூகத் தொடர்புப் பணிக்கான அவை தெளிவுபடுத்தியது. 2020இல் பெருந்தொற்று ஆலயக் கதவுகளை மூடியபோது நாமே திரையில் திருப்பலி கண்டோம். அது ஆறுதலாக இருந்தது, தேவையாகவும் இருந்தது. ஆயினும் அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தம் மறையுரையில், இது சுரங்கப்பாதையைக் கடக்கும் வரையிலான ஏற்பாடு, அதிலேயே தங்கிவிடலாகாது என்னும் கருத்தை வலியுறுத்தினார். இசை அருளடையாளம் அன்று; இரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் தகாது. எனினும், உடலோடு ஓரிடத்தில் கூடியிருப்பதில் எதுவும் ஈடுசெய்ய இயலாத ஒன்று உண்டு என்பதை அக்காலம் நமக்கெல்லாம் கற்பித்தது. திரையில் பத்து இலட்சம் பேர் பார்க்கின்றனர். ஆனால் எவருடைய கண்ணும் கலைஞருக்குத் தெரிவதில்லை. கூடத்தில் முப்பது பேரே அமர்ந்திருந்தாலும், அவர்களுள் ஒருவர் கண்ணீரைத் துடைப்பதை அவர் காண்கிறார். அக்காட்சியும் கூலியின் ஒரு பகுதியே.

இவ்விரு அளவுகோல்களையும் வைத்துப் பார்க்கையில் என் முடிவு இது. திரை நல்லதொரு வகுப்பறை. நல்லதொரு அறிமுகக் கடிதம். சாண்டர்கோவுக்கும் மெக்கீக்கும் அது அவ்வாறே பயன்பட்டது. ஆனால் அதுவே முழு வீடாகும்போது அவ்வீட்டில் படுக்கை இல்லை. மேடையும் குறையற்றது அன்று. அதன் பெருமை பேசுவோர் அதன் கூலியையும் பேச வேண்டும். இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு பழைய வழியும் உண்டு. கூடாரம் செய்து தம் உணவைத் தாமே ஈட்டிக்கொண்டு நற்செய்தி அறிவித்த தூய பவுலை நாம் அறிவோம். இந்தோனேசியாவின் ஆலிப் பா தா, திரையில் உலகப் புகழ் பெற்ற நாள்களிலும், சரக்குகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநராக உழைத்தவர். கைத்தொழில் உணவளிக்க, இசை எவர் கட்டளைக்கும் காத்திராமல் ஒலித்தது. அவ்வழியை இழிவென எண்ணுதல் வேண்டா.

இம்முடிவு இளைஞருக்கு மட்டும் அறிவுரையாகி நின்றுவிடலாகாது, நமக்கும் உரியது. உழைப்பாளர் தம் கூலிக்கு உரியவர் என்பது ஆண்டவரின் போதனை. திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் விளக்கு அலங்காரத்திற்கும் விலை பேசிக் கொடுக்கும் பங்குகள் பல, கிட்டார் வாசிக்கும் இளைஞருக்கு மட்டும் "கடவுளுக்காக வாசிக்கிறாய்" என்று கூறி ஒரு பொன்னாடையோடு அனுப்பிவிடுகின்றன. கொடையாக வாசிக்க விரும்புபவரைத் தடுப்பார் இல்லை. ஆனால் கொடை என்பது கொடுப்பவரின் உரிமை. பெறுபவர் அதைக் கட்டளையிடுதல் ஆகாது. நம் முற்றத்தில் உள்ள மேடையில் நியாயமான கூலி இல்லையெனில், பிள்ளைகள் திரையை நோக்கிச் செல்வதைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆண்டுக்கு இரண்டு மாலைகளேனும், பங்குக் கூடத்தில், ஒலிபெருக்கியின் இரைச்சலின்றி, நம் இளைஞர் ஒருவர் ஒரு மணி நேரம் வாசிக்க, நாம் கைப்பேசியை அணைத்துவிட்டு அமர்ந்து கேட்டு, உரிய தொகையைக் கையில் கொடுத்தனுப்புவது பெருஞ்செலவுடைய செயல் அன்று.

கிட்டாரின் இயல்பை அறிந்தோர் ஒன்றை அறிவர். தந்தியை மீட்டிய கணமே அதன் ஒலி தேயத் தொடங்குகிறது. வயலினைப் போல வில்லால் அதனை நீட்ட இயலாது; ஆர்கனைப் போலக் காற்றால் தாங்கவும் இயலாது. தேய்ந்து அடங்கும் அவ்வொலிக்கும் அடுத்த ஒலிக்கும் இடையே உள்ள அமைதியைக் கையாளத் தெரிந்தவரே தேர்ந்த கலைஞர் எனப்படுகிறார். இசைத்தாளில் ஓய்வுக்கெனத் தனிக் குறிகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு வாசிப்பவரை எந்த ஆசிரியரும் தேர்ச்சியடையச் செய்வதில்லை. நம் இளைஞர் எந்த வழியைத் தேர்ந்தாலும், அவருடைய வாரத்திலும் அக்குறி இடம்பெற்றுள்ளதா என்று பெற்றோரும் பங்குத் தந்தையரும் கேட்பாராக.